கஞ்சி குடிக்கட்டும், அப்புறம் கேளுங்க

டீசலில் நனைந்து வெயிலில் காய்ந்த சட்டையின் வாசனையும் சுடுகஞ்சியின் ஆவியும் சேர்ந்து எங்காவது மூக்கில் ஏறினால், நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடத்தின் வாடைக்காலம் அப்படியே எதிரில் வந்து நிற்கிறது. புதுக்கோட்டை என்றால் வயலும் குளமும் குன்றும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். என்னோடு கல்லூரியில் படித்த, எங்கள் மாவட்டத்து இலுப்பூர்த் தோழிகூட, "ஒங்க ஊர்ல கடலா இருக்கு?" என்று வியந்திருக்கிறாள். இருக்கிறது. மணமேல்குடிக்குத் தெற்கே, எங்கள் வாசலில் நின்றாலே தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அதன் மறுகரையில் இன்னொரு நாடும் இருக்கிறது.

அந்த வாடையில் அப்பா அந்த நாட்டுச் சிறையில் இருந்தார். அவர் கூலிக்குப் போன விசைப்படகு எல்லை தாண்டியதென்று பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எந்த ஊர்ச் சிறை, எப்போது விடுவார்கள் என்று சொல்ல ஆளில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான் என்பதால், ஒவ்வொரு ஆபீசுக்கும் அம்மா என்னையே முன்னால் நடக்கவிட்டார். என் கையெழுத்து அழகாக இருக்கும். மனுவை நானே எழுதினேன். அதற்கொரு பதில் கிடைக்கும் என்று நம்பினேன். "வந்துருவாரும்மா, போங்க" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

அப்படி இருக்கையில்தான் ஒரு காலையில், எஞ்சின் கெட்ட ஃபைபர் படகொன்றைக் காற்று எங்கள் கரையில் கொண்டுவந்து ஒதுக்கியது. அதில் மறுகரைக்காரர்கள் இரண்டு பேர், உதடு வெடித்து, நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தார்கள். ஊர் கூடிவிட்டது. "இவனுகள விடாதீங்க! நம்ம ஆளுகள விட்டாத்தான் இவனுகள விடணும்" என்று கத்தினார் அப்பாவின் தம்பி, செல்வம் சித்தப்பா.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஒதுங்கினாலும் முதலில் "ஒதுங்குன கஞ்சி", பிறகுதான் கேள்வி. அந்தக் கஞ்சியும், கடலுக்குப் போன ஆள் இன்னும் திரும்பாத வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அன்று அது எங்கள் வீடு.

அம்மா தூக்குச்சட்டியோடு வந்தார். சித்தப்பா வழியை மறித்து, "அண்ணனுக்கு அங்கிட்டு எவ ஊத்துறா மதினி? நீங்க பாட்டுக்கு வாரி ஊத்துறீங்க" என்றார்.

"எவளாச்சும் ஊத்தியிருப்பா. தள்ளுங்க தம்பி, கஞ்சி குடிக்கட்டும், அப்புறம் கேளுங்க."

மூத்தவர் பெயர் அந்தோனி. புத்தளத்துக்குத் தெற்கேயுள்ள கரையைச் சேர்ந்தவர். பருவத்துக்கு மீன்பிடிக்கத் தன் நாட்டின் வடகரைக்குப் போன இடத்தில் காற்றில் மாட்டியிருந்தார். கூட இருந்த இளைஞனுக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். யார் பேசினாலும் பயந்துகொண்டே சிரித்தான். வயிறு நிறைந்ததும் அந்தோனி தன் கரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "எங்கட கோயில்ல பூசை ரெண்டு பாஷையிலயும் நடக்கும் மகள். பக்கத்து ஊர் முஸ்லிம் ஆக்கள், அவங்க வீட்டில தமிழ். அங்கால சிங்கள ஆக்கள். சந்தைக்கு வந்தா எல்லாருக்கும் ரெண்டு பாஷையும் வரும்" என்றார். கடைப்பலகைகூட இரண்டு எழுத்தில் இருக்குமாம். "எனக்குத் தமிழ் கதைக்க ஏலும், வாசிக்க ஏலாது. பிள்ளைகள் சிங்களப் பள்ளிக்கூடம். அவங்களுக்குத் தமிழே இல்ல."

என்னைப் படிக்க வைத்தவரே அப்பா என்பதால், எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "எங்கப்பாவ எங்கயாச்சும் பாத்தீங்கன்னா, அரையாண்டுல நாந்தான் முதல் மார்க்குன்னு சொல்லிருங்க." சத்தியமாகச் சொல்வதாக அவர் என் தலையில் கைவைத்தார். பிறகு தன் மகளின் போன் நம்பரைச் சொன்னார். உயிரோடு இருப்பதை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடச் சொன்னார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

வெளிநாட்டுக்குப் பேச ரீசார்ஜ் செய்து, அன்றைக்கே கூப்பிட்டேன். ஒரு பெண் குரல் எடுத்தது, என் வயதுதான் இருக்கும். நான் தமிழில் சொன்னேன். பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் சொன்னேன். அவள் சிங்களத்தில் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள், குரல் உயர்ந்துகொண்டே போனது. கடைசியில் "அந்தோனி, அந்தோனி" என்று மட்டும் சொன்னேன். அவளும் அந்தப் பெயரையே திருப்பிச் சொல்லி அழ ஆரம்பித்தாள். இருக்கிறார் என்று புரிந்து அழுதாளா, போய்விட்டார் என்று நினைத்து அழுதாளா, தெரிவதற்குள் காசு தீர்ந்துவிட்டது. மறுபடி ரீசார்ஜ் செய்ய வீட்டில் வழியில்லை. செய்திருந்தாலும் எந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன்?

பங்குனியில் அப்பா வந்துவிட்டார். மெலிந்து, போன படகு இல்லாமல், வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்தார். அந்தோனி அப்போதும் இந்தக் கரைச் சிறையில்தான் இருந்தார். முதல் மார்க்கை அப்பாவிடம் நானே சொன்னேன்.

இப்போது நான் புதுக்கோட்டையில் ஆங்கில ஆசிரியை. அப்பா கடலுக்குப் போவதில்லை. எங்கள் கரையில் படகு ஒதுங்கினால் முதலில் செல்போன்கள் படமெடுக்கின்றன, பிறகு யாரும் கிட்டே போகாதபடி போலீஸ் கயிறு கட்டிவிடுகிறது. கஞ்சிச்சட்டி அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே ஆறிப்போகிறது. "ஒதுங்குன கஞ்சி" என்ற சொல்லே என் மாணவிகளுக்குத் தெரியவில்லை.

கையில் எழுதிய நம்பர் அன்றே அழிந்தாலும் மனதிலிருந்து போகவில்லை. சம்பளம் வாங்கத் தொடங்கியதிலிருந்து எப்போதாவது கூப்பிட்டுப் பார்க்கிறேன். அந்த நம்பர் "பாவனையில் இல்லை", அதாவது உபயோகத்தில் இல்லை என்று மூன்று மொழிகளில் சொல்கிறார்கள். இரண்டு எனக்குப் புரிகிறது. மூன்றாவதையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போனை வைக்கிறேன்.