விற்க மறுத்த மருந்துக்கடைக்காரர்: சுலைமான் நானா

புதன்கிழமை பிற்பகல் முல்லைத்தீவு பஸ் வவுனியாவுக்கு வந்து நின்றதும், கண்டக்டர் இறங்கி நேரே என் அறைக்கு வந்தார். வழக்கமாக அவர் கையில் பத்திரிகை நிருபரான எனக்கு வரவேண்டிய கடித உறை இருக்கும். அன்று கை வெறுமையாக இருந்தது.

"ஐயா, மருந்துக்கடை நானா மோசம்போயிட்டார். விடியப்புறம் நடந்ததாம். நான் பஸ் எடுக்கேக்கை அடக்கமும் முடிஞ்சுது" என்றார்.

கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. ஒரு விதத்தில் அதுவும் சரிதான். அமைதியாகக் கண்மூடிக் கிடக்கும் சுலைமான் நானாவை என்னால் கற்பனை செய்ய முடியாது. எனக்குத் தெரிந்த முகம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருவரை ஏசுகிற முகம்.

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவது மரியாதை என்பார்கள். நானாவை அறிந்த உங்களிடம் அப்படி எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அவர் பிடிவாதக்காரர். வாய் பொல்லாதவர். கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேரைக் கோபத்தோடு திருப்பி அனுப்பினார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தக் கடையில் ஒரு பக்கம் கயிறு, தூண்டில், உப்பு, வெங்காயம். மற்றப் பக்கம் கண்ணாடி அலுமாரியில் மருந்துகள். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் நானா என்ற சொல்லால் ஊரே அழைத்த அவர், இளமையில் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியரிடம் மருந்து கலந்து கொடுப்பவராகப் பத்து வருடம் வேலை செய்தவர். விற்றமின் குளிசையும் நரம்பு ரொனிக்கும் யாருக்கும் யாரும் விற்கலாம் என்றிருக்கிற நாட்டில், அவற்றை விற்பதற்கு முன் அவர் கேள்வி கேட்டார்.

செய்திக்காக வன்னியெங்கும் சைக்கிளில் அலைந்த நாட்களில், நான் முதலில் அவரிடம் போனது இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை இழுத்த வலியோடு. "நரம்புக்கு நல்ல ரொனிக் ஒண்டு தாங்கோ" என்றேன்.

"நல்ல ரொனிக் ஆருக்கு? உங்களுக்கோ, செய்தவனுக்கோ?"

பிறகு கேள்விகள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எரிவா விறைப்பா, இரவில் எத்தனை தரம் சலம் கழிக்க எழும்புவது, வேறென்ன மருந்து எடுப்பது, சாராயம் உண்டா. எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். சாராயக் கேள்விக்கு அவர்கள் எல்லோரும் காது கொடுத்தார்கள்.

"நாள் முழுக்கச் சைக்கிள். முள்ளந்தண்டு நெரிபடுது. போத்தலுக்க இருக்கிறது உங்கட சைக்கிள் சீற்றைத் திருத்தாது. ரெண்டு கிழமை பஸ்ஸில போங்கோ. பிறகும் இழுத்தால் டொக்டரிட்டப் போங்கோ, என்னட்ட வராதேங்கோ" என்றார்.

ரொனிக் தரவில்லை. பஸ்ஸில் போனேன். வலி விட்டது. நன்றி சொல்லப் போனபோது, "நன்றிக்கு இடமில்லைத் தம்பி, உப்பு மூட்டை இறக்கோணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றார்.

அவர் விற்றமின்களுக்கு எதிரி என்று சிலர் சொல்வது தவறு. தேவையானவர்களுக்கு விற்றார். ஆனால் ஒவ்வொரு போத்தலிலும் இரண்டு விடயங்களை மையால் எழுதி ஒட்டினார்: உள்ளே என்ன, எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. எந்தத் திகதியில் நிறுத்த வேண்டும் என்பது மற்றது. நரம்பு ரொனிக் கம்பனி ஒன்றின் ஏஜன்ட், போத்தலிலிருந்த சிங்கப் படத்தின் மேல் நானா கடதாசி ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். நானா கடதாசியைக் கிழிக்கவில்லை.

"சிங்கம் வெளியில நிக்குது, எனக்குத் தெரியும். உள்ளுக்க என்ன நிக்குது எண்டு எழுதித் தாங்கோ, பக்கத்தில அதையும் ஒட்டுறன்" என்றார். ஏஜன்ட் எழுதித் தரவில்லை.

அவர் பிழைவிட்டதும் உண்டு. சைவப் பாடசாலையில் படிப்பித்த மீனாட்சி ரீச்சர் கைகால் விறைப்பு என்று வந்தபோது, ஊசி எல்லாம் வேண்டாம், கீரையும் பயறும் நன்றாகச் சாப்பிடுங்கோ என்று மூன்று மாதம் அலைக்கழித்தார். ரீச்சர் பிறந்தது முதல் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர். இரத்தத்தைப் பார்த்த வைத்தியர், மச்சத்திலிருந்து உடம்புக்குச் சேரவேண்டிய ஒரு விற்றமின் அவரிடம் இல்லை, அதை எந்தக் கீரையும் தராது என்று சொல்லிச் சிவப்பு ஊசி போட்டார். விறைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. இதைக் கேள்விப்பட்ட அன்றே நானா கடையைப் பூட்டிவிட்டு ரீச்சர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, "எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லிப்போட்டன், ரீச்சர்" என்றார். அதன்பின் யார் விறைப்பென்று வந்தாலும் அவரது முதற் கேள்வி, "மச்சம் சாப்பிடுவீங்களோ?" பதில் இல்லை என்றால் கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்.

இனிச் செல்லத்துரையின் காலுக்கு வருகிறேன்.

செல்லத்துரை யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக் குடியேற்றத்துக்கு வந்து வயல் செய்பவர். இரண்டு உள்ளங்காலும் எரிகிறதென்று நானாவிடம் ஒரு போத்தல் விற்றமின் குளிசை வாங்கியிருந்தார். ஒரு மாதத்தில் நிறுத்தவேண்டும், நிற்காவிட்டால் சலம் பரிசோதிக்கவேண்டும் என்று நானா போத்தலில் எழுதியிருந்தார். நான்கு மாதம் கழித்து, நான் கடையில் இருந்த ஒரு மத்தியானம், செல்லத்துரை முகம் முழுக்கச் சிரிப்போடு உள்ளே வந்தார்.

"நானா, எரிவு அடியோட நிண்டுபோச்சு! இன்னும் ரெண்டு போத்தல் தாங்கோ."

"இவ்வளவு நாளும் எங்க வாங்கினனீ?"

செல்லத்துரை பெருமையோடு பையை அவிழ்த்தார். வவுனியாவில் வாங்கிய சிங்க ரொனிக். இன்னொரு கடையின் குளிசை. அதைவிடக் கிழமைக்கொரு தரம் சைக்கிளில் வந்து ஒருவர் போட்டுவிட்டுப் போகும் நரம்பு ஊசியின் வெறும் போத்தல். நானா மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பொடி எழுத்தைப் படித்தார்.

"துரை, மூண்டும் ஒரே சாமான். மூண்டு சட்டை போட்ட ஒரே ஆள். எப்பிடிக் குடிக்கிறனீ?"

"ஒழுங்காத்தான். விரத நாளில மட்டும் தொடமாட்டன். ஈரல்ல செய்யிறதாம் எண்டு சொல்லுகினம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விட்டனான். பாறணையண்டு விரதம் முடிச்ச சாப்பாட்டோட ஆறு நாளையான் குளிசையையும் சேர்த்து எடுத்தனான். காசு குடுத்து வாங்கினதை வீணாக்கிறதே?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. அவர் செல்லத்துரையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது குதிக்குள் உடைமுள் ஒன்று முழுதாக ஏறி முறிந்திருந்தது. சுற்றிலும் கறுத்து வீங்கி, நீர் கசிந்தது.

"இது எப்ப ஏறினது?"

செல்லத்துரை குனிந்து பார்த்தார். "எது?"

அவருக்குத் தெரியவில்லை. முள்ளோடுதான் வயலிலும் நின்று, பஸ்ஸும் ஏறி வந்திருக்கிறார்.

"எரிவு நிண்டது சுகத்தில இல்லை, துரை. உன்ட கால் செத்துக்கொண்டு வருது. அளவு கூடின குளிசையாலயோ வேற வருத்தத்தாலயோ எனக்குத் தெரியாது. தெரியாதபடியால்தான் சொல்லுறன், உனக்கு ஒண்டும் விக்கமாட்டன்."

செல்லத்துரைக்குக் கோபம் வந்தது. சேட்டுப் பையிலிருந்து மடித்த பத்திரிகைத் துண்டொன்றை எடுத்து மேசையில் போட்டார். "பேப்பரில போட்டிருக்கிறாங்கள், நீங்கள் பெரிய ஆளோ?"

முத்தையன்கட்டுப் பகுதியில் நரம்பு வலியால் வருந்திய விவசாயிகள் சிங்க ரொனிக்கால் குணமடைந்து வருகின்றனர் என்பது செய்தி. எழுதியவன் நான். ஏஜன்ட் தட்டச்சில் தந்ததை, ஒரு விவசாயியைக்கூடக் காணாமல், எங்கள் நிருபர் என்று தலைப்பிட்டு அனுப்பியிருந்தேன்.

நானா அதைப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எழுதினவர் இந்தா நிக்கிறார். துரை, அவரைக் கேள், எத்தினை காலைப் பாத்தனீங்கள் எண்டு."

செல்லத்துரை என்னைப் பார்த்தார். நான் பார்வையைக் கயிற்றுச் சுருள்களின் பக்கம் திருப்பினேன்.

நானா பலகைக் கதவுகளை இழுத்துப் பூட்டினார். நல்ல வியாபார நேரம். செல்லத்துரையைத் தன் சைக்கிள் கரியரில் ஏற்றித் தள்ளத் தொடங்கினார். "விடுங்கோ நானா, எனக்கு நோவில்லை" என்று அவர் வழி நெடுகச் சொன்னார். "நோவில்லாததுதான்டா வருத்தம்!" என்று நானா வழி நெடுகக் கத்தினார். நான் பின்னால் பிடித்துத் தள்ளினேன்.

ஆஸ்பத்திரியில் நீல மருந்துக்குள் சலத்தில் சில துளி விட்டுச் சூடாக்கினார்கள். அது செங்கல் நிறமானது. சலரோகம், அதாவது நீரிழிவு. எத்தனையோ காலமாக இருந்திருக்கிறது. எரிவு தெரிந்த முதல் மாதத்திலேயே பார்த்திருந்தால் இது வேறு கதை. இன்னொரு கிழமை பிந்தியிருந்தால் கணுக்காலோடு எடுத்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். சீழ் முன்பாதம் வரை பரவியிருந்தது. இரண்டு விரல்கள் போயின. கால் நின்றது.

ஊர் அதை அப்படிப் பார்க்கவில்லை. செல்லத்துரையின் மச்சான் ஐந்தாறு பேரோடு கடைக்கு வந்தார். "நீ மருந்தை மறிச்சபடியால்தான் விரல் போச்சு. எங்கட ஆக்களுக்கு விக்கமாட்டன் எண்டு சொன்னனியாமே?"

"உங்கட ஆக்களுக்கு மட்டுமில்லை. என்ட உம்மா கபுறுக் குழியால எழும்பி வந்து கேட்டாலும், சலம் பாக்காமல் விக்கமாட்டன்."

"விக்கிறதுக்குத்தானே கடை வைச்சிருக்கிறாய்?"

"ஓம். விக்காமல் விடுறதுக்கும் அதே கடைதான்."

அதன்பின் குடியேற்றத்திலிருந்து ஒருவரும் அவரது கடைப்படி ஏறவில்லை. உப்புக்குக்கூட வேறு கடைக்குப் போனார்கள். இனத்தை இழுத்துப் பேசிய அந்தக் கதையைப் பரப்பியதில் ஏஜன்டுக்கும் பங்கிருந்தது என்பதை நான் விசாரித்து அறிந்தேன். நானா ஒவ்வொரு நாளும் கடையைத் திறந்து வாசலில் கதிரை போட்டு இருந்தார். ஒருவரையும் கூப்பிடவில்லை. ஒன்றையும் விளக்கவில்லை. சமாதானம் பேச வந்த பெரியவர்களிடம், "நான் பிழைவிட்டால் வாசலில போய் நிண்டு சொல்லுவன். இதில பிழையில்லை" என்றார்.

அதை முடித்துவைத்தது செல்லத்துரை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, கக்கத்தில் கட்டையோடு, வீட்டுக்குப் பஸ் ஏறாமல் நேரே நானாவின் கதிரையில் போய் இருந்தார். ஊர் பார்க்க ஒரு பிற்பகல் முழுவதும் இருந்தார். வைத்தியர் எழுதிய துண்டில், சலரோகத்துக்கான மருந்தோடு ஒரு விற்றமின் குளிசையும், நாளுக்கு ஒன்று, ஒரு மாதம் என்று இருந்தது. நானா அதை எண்ணிக் கொடுத்தார்.

"விரதத்துக்கு விட்டால் விட்டதுதான். சேர்த்துப் போட்டாயோ, மற்றக் காலையும் நானே வெட்டுவன்."

நானாவுக்காக மூன்றாம் நாள் ஓதிய கத்தத்துக்கு நான் முல்லைத்தீவுக்குப் போனேன். முற்றத்தில் செல்லத்துரை நின்றார், செருப்போடு. இப்போதெல்லாம் செருப்பில்லாமல் அவர் வரம்பில்கூட இறங்குவதில்லை. பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்றேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"என்ர காலைத் தந்தவர், தெய்வம், அது இது எண்டு எழுதாதேங்கோ. மனுசன் கேட்டால் ஏசும். எல்லாரும் சிரிச்சுக்கொண்டு வித்தவங்கள், இவர் ஏசிக்கொண்டு மறிச்சவர். அதை எழுதுங்கோ."

எழுதிவிட்டேன்.

நானாவின் மகன் கடையைத் தொடர்ந்து நடத்துகிறார். கதவு திறந்த முதல் நாளே புதிய ரொனிக் ஒன்றோடு ஆட்கள் வந்ததாகச் சொன்னார். என்னிடமும் வந்தார்கள். தட்டச்சுத் தாளில் செய்தி தயாராக இருந்தது, என் பெயர் போடும் இடம்கூட விட்டிருந்தார்கள். குணமடைந்தவர் யார், எந்த ஊர், என்ன அளவு குடித்தார், வேறென்ன குடித்தார், சலம் பார்த்தாரா என்று கேட்டேன். "நீங்கள் நிருபரா, டொக்டரா?" என்று கேட்டார்கள். தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

சுலைமான் நானாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கூச்சம்தான்: ஒரு காலையும் காணாமல் எழுதிய நாளில், செல்லத்துரையின் முன்னால் வாய் திறக்க முடியாமல் நின்ற கூச்சம். அது ஆறவில்லை. ஆறவிடவும் மாட்டேன். வன்னியில் நரம்பு வலியைப் போக்கிவிட்டதாகச் செய்தி கொண்டு வருகிறவர்கள் இனி ஆளையும் கூட்டிக்கொண்டு வரட்டும். நான் குனிந்து காலைப் பார்த்த பிறகுதான் பேனையை எடுப்பேன்.