ஹார்லனின் கைப்பிடியும் வில்டாவின் மூச்சும்

ஹார்லன் டீட்ஸைக் கெட்டவன் என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கு வருவான். நான் சொல்வேன். அவன் மனைவி வில்டாவும் நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவள் இருமிய இருமலையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டவள் நான்.

கைத்துப்பாக்கிக்கு மரத்தில் கைப்பிடி செய்வது ஹார்லனின் தொழில். கடைத் துப்பாக்கியில் பிளாஸ்டிக்கோ ரப்பரோதான் இருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் கைக்கு அளவாக, ரேகை ஓடும் நல்ல மரத்தில் ஒரு ஜோடி வேண்டும் என்பவர்கள் அவனைத் தேடி வருவார்கள். எங்கள் மிசௌரியில் வால்நட் மரத்துக்குப் பஞ்சமில்லை. கிளை பிரிகிற கவட்டையை அறுத்தால் உள்ளே இறகு விரித்த மாதிரி ரேகை இருக்கும். ஒரே துண்டை நடுவில் பிளந்து, வலது பக்கத்து ரேகை இடது பக்கத்திலும் அப்படியே வரும்படி செய்வான். தொழிலில் கெட்டிக்காரன்தான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வில்டாவின் கை படாமல் ஒரு கைப்பிடியும் அந்த வீட்டை விட்டுப் போனதில்லை. எண்ணெய் பூசுவதற்கு முன்னால், துப்பாக்கியின் வெறும் இரும்புச் சட்டத்தில் பொருத்திச் சமையலறைக்குக் கொண்டுவருவான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு பிடி பிடிப்பாள். "பெருவிரல்கிட்ட உறுத்துது" என்பாள். அவன் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் உப்புத்தாளைப் போட்டு நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். இத்தனைக்கும் அவள் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை.

அப்புறம் கோக்கபோலோ வந்தது. மெக்சிகோவுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற சிவப்பு மரம். கறுப்பும் ஆரஞ்சுமாக ரேகை ஓடும். அறுத்தால் மசாலா டப்பாவைத் திறந்த மாதிரி வாசனை வரும். டல்சா துப்பாக்கிக் கண்காட்சியில் ஒரு ஜோடி வைத்தான், ஆட்கள் மொய்த்துவிட்டார்கள். அதோடு வால்நட்டை யார் கேட்டார்கள்?

அந்த வருஷமே வில்டாவின் முழங்கையில் தடிப்பு வந்தது. பிறகு கண் வீங்கியது. பிறகு இருமல். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். ஹார்லன் முதலில் சோப்பைக் குற்றம் சொன்னான். சோப்பை மாற்றினாள். தலையணையைச் சொன்னான். அதையும் மாற்றினாள். கடைசியில் அவளுடைய பூனையைச் சொன்னான். அவள் குட்டியிலிருந்து வளர்த்த பூனையை அவனே காரில் ஏற்றிக்கொண்டுபோய் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தான். அன்றைக்கு வில்டா வேலைக்கு வந்து உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே அழுதாள். அவன் கழற்றிப் போடும் தூள் சட்டையை வாரம் முழுக்க வாசலில் உதறித் துவைத்தது அவள்தான். அதை நினைக்க எங்களுக்கும் புத்தி இல்லை.

ஸ்பிரிங்ஃபீல்டில் டாக்டர் சோதித்துச் சொல்லிவிட்டார். அந்த மரத் தூள்தான். சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு வாசனை பட்டாலே போதும். ஹார்லனுக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. அவனுக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்?

அழுதான். உண்மையாகத்தான் அழுதான். இனி அந்த மரத்தைத் தொடமாட்டேன் என்று என் முன்னாலேயே சொன்னான். கையிருப்பையெல்லாம் விற்றான், பட்டறையைக் கழுவினான். வில்டாவுக்கு மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது. அடுத்த வசந்தத்தில் என்னோடு ஆற்றங்கரைவரை நடந்து வந்தாள். பேசிக்கொண்டே நடந்தாள், அதுதான் எனக்குச் சந்தோஷம்.

இலையுதிர் காலத்தில் மறுபடி இருமல். "வெளியில களைச் செடியெல்லாம் மகரந்தம் கொட்டுது, அதான்" என்றான் ஹார்லன். ஆனால் அவன் சாயங்காலம் குளித்து, ஈரத் தலையோடு, வேறு சட்டையில் வீட்டுக்கு வருவதை ஊரே பார்த்தது. ஊர் சும்மா இருக்குமா? நானே போய்ச் சொன்னேன்.

"ஏண்டி வில்டா, உன் புருஷனுக்கு எங்கயோ ஒரு தொடுப்பு இருக்குன்னு பேசிக்கறாங்க."

"யாரு, ஹார்லனுக்கா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "போடி லோர்னா! அவன் பேசற பேச்சுக்கு எவ முழிச்சிட்டு இருப்பா? ரெண்டாவது வார்த்தையிலயே மரத்துக்குப் போயிடுவானே!"

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஹார்லன் வந்தான். துண்டில் சுற்றிய எதையோ மேசைமேல் வைத்தான். பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை.

துண்டைப் பிரிப்பதற்கு முன்பே வில்டா தலையைத் தூக்கினாள். வாசனை எனக்கே தெரிந்தது.

"இது எங்க செஞ்ச?"

"பழைய பெட்ரோல் பங்க் பின்னாடி ஒரு அறை எடுத்திருக்கேன். வீட்டுக்கு ஒரு துளி தூள்கூட வரக்கூடாதுன்னு குளிச்சிட்டுத்தான் வருவேன்." அவன் குரலில் பெருமை இருந்தது. "இந்த ஒரு துண்டை மட்டும் விற்க மனசு வரலை வில்டா. ரேகையைப் பாரேன், நெருப்பு மாதிரி. இனிமே இப்படி ஒண்ணு என் கையில சிக்காது."

"அப்போ என் இருமல்?"

"இது ஒண்ணோட முடிஞ்சுது, சத்தியமா. எண்ணெய் பூசறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பிடிச்சுப் பார்த்துடு. கையுறைகூட வாங்கிட்டு வந்திருக்கேன்."

நான் வாய் திறப்பதற்குள் வில்டா எழுந்தாள். "கையுறை போட்டா என்ன தெரியும்?" என்றாள். வெறும் கையால் எடுத்தாள். எப்போதும் போல் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கத்தினேன். அவள் விடவில்லை. அவசரமே இல்லாமல், விரலை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள்.

"இடது பக்கம் அடியில கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று மேசைமேல் வைத்தாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். "லோர்னா, வண்டியை எடு. நியோஷோவுல என் தங்கச்சி வீட்டுல விட்டுடு."

ஹார்லன் அவளைப் பார்க்கவில்லை. கைப்பிடியைத்தான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதி வழியிலேயே அவள் உள்ளங்கை சிவந்து வீங்கிவிட்டது. மூச்சு இழுத்தது. மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்தில், அவசரத்தில், தீரப்போகிற டப்பாவைத்தான் எடுத்து வந்திருந்தாள். அவளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, புதியதை எடுக்க நான் திரும்பி வந்தேன்.

ஹார்லன் அதே மேசையில் உட்கார்ந்திருந்தான். அவள் பாதி சாப்பிட்ட தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, உப்புத்தாளால் இடது பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மேசை விரிப்பெல்லாம் சிவப்புத் தூள்.

"அவ சொன்னது சரிதான் லோர்னா" என்றான், முகமெல்லாம் மலர்ந்து. "ஒரு மயிரிழைதான் தூக்கல். எப்படித்தான் கண்டுபிடிக்கறாளோ! எண்ணெய் பூசினப்புறம் இன்னொரு தடவை அவகிட்ட காட்டணும். புதன்கிழமைக்குள்ள வந்துடுவால்ல?"

நான் மருந்தை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். நியோஷோவுக்கே வண்டியைத் திருப்பினேன்.