முதல் தடவை வேண்டாம் என்பவர்கள்

சிங்கப்பூரில் மார்சிலிங்குக்குக் குடிவந்த புதிதில், எதிர்வீட்டுச் சீன அம்மா ஒரு தட்டு நிறையக் குவே பலகாரத்தை நீட்டி, "மாக்கான், மாக்கான்" என்றார். சாப்பிடச் சொல்கிறார். நான் மரியாதைக்கு "வேண்டாங்க" என்று கையசைத்தேன். அவ்வளவுதான், தட்டு உள்ளே போய்விட்டது! எனக்கோ நல்ல பசி. எங்கள் ஊர் திருச்சியில் என்றால் நாலு தடவையாவது வற்புறுத்தியிருப்பார்கள். முதல் தடவையே கை நீட்டினால் "அலையுறா பாரு" என்று பேச்சு வரும்.

எழுபதுகளின் கடைசியில் அந்தப் பசியையே பாடமாக்கினேன். சமூக மன்றத்தில் ஆஸ்பத்திரியில் வேலைபார்க்கும் சீனத் தாதியருக்கு மாலையில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை. மன்றம் கொடுத்த புத்தகத்தில் செய்யுளும் வரவேற்புரையும் இருந்தன. அதைத் தூக்கி அலமாரியில் போட்டேன். வாரம் ஒரு சிக்கல், அவர்களுடைய வார்டிலிருந்தே எடுத்தது. அதைத் தமிழில் பேசியே தீர்க்க வேண்டும். "நான்தான் நோயாளி. காலையிலேருந்து சாப்பிடல. என்ன செய்வீங்க?" என்று ஆரம்பித்தேன்.

மெய் லான் என்ற தாதி தட்டோடு வந்தாள். "சாப்பாடு வேணுமா?"

"வேண்டாம்மா."

தட்டை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். "வேண்டாம் சொன்னாங்க லா!" என்றாள், சிங்கப்பூர் "லா"வையும் சேர்த்து.

"எங்க ஆளுங்க முதல் தடவை அப்படித்தான் சொல்வாங்க. ஏன்னு கேட்டுக் கண்டுபிடிங்க," என்றேன். வகுப்பே கேள்வி கேட்கக் கிளம்பிவிட்டது. வயிறு வலிக்குதா என்றாள் ஒருத்தி, உப்பு பத்தலையா என்றாள் இன்னொருத்தி. மெய் லான் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சமாச்சும் சாப்பிடுங்கம்மா" என்றாள். ஐயோ, எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சத்தம் கேட்டு மன்றத்தின் தமிழ்க் குழுத் தலைவர் வந்தார். "என்னம்மா இது, சந்தைக்கடையா? கொச்சைத் தமிழ் சொல்லித்தரவா உங்களை வெச்சோம்? அடுத்த வாரம் புத்தகத்தை நடத்துங்க. இல்லேன்னா வகுப்பை மூடிடுவோம்."

"மூடிக்குங்க ஐயா. படுக்கையில கிடக்கிறவர் செய்யுளா கேக்குறார்? கஞ்சி கேக்கவே கூச்சப்படுறார்."

மூடியே விட்டார்கள். போகட்டும்! அதற்காகவெல்லாம் நான் வாயை மூடுகிறவள் இல்லை. மறுவாரம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, கல்மேசையைச் சுற்றி வகுப்பு நடந்தது. ஒரு ஆள் குறையவில்லை.

அன்றைக்குச் சிக்கலை அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். "டீச்சர், ஊருக்கே திரும்பிப் போகணுமா உங்களுக்கு?" என்றாள் மெய் லான்.

"வேண்டாம்," என்றேன், பட்டென்று.

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் வேண்டாம், டீச்சர்?"

எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க ஆளுங்க முதல் தடவை அப்படித்தான் சொல்வாங்க," என்றேன், அவள் கையை விடாமல்.