தொண்ணூறும் தொள்ளாயிரமும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுகளின் நடுவில், கொள்ளேகாலுக்கு அப்பால் தமிழ் பேசும் காட்டோரச் சிற்றூர் ஒன்றின் கன்னடப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியனாயிருந்தேன். கல்லூரி வாசலை மிதித்தவனல்லேன். கணிதத்தைப் பழைய பாடநூல்களிலிருந்து நானே கற்றவன். எனக்கென்று ஊரில் இருந்த மதிப்பெல்லாம் அந்தப் பாடத்தால் வந்ததுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வுதோறும் தவறவே, இனியும் இவ்வாறு நேர்ந்தால் கணக்கை வேறொருவரிடம் ஒப்படைப்பதாகத் தலைமையாசிரியர் கூறிவிட்டார்.

கிராமப்பள்ளிக் கணக்கு ஆசிரியர்களுக்காக மைசூரில் மாதமொரு கூட்டம் நடைபெறும். நடத்தியவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் அம்மையார். என்னினும் பதினைந்து வயது இளையவர். அவர் கேட்டிருந்தபடி பிள்ளைகளின் விடைத்தாள்களைக் கொண்டுசென்றேன். தாள்தோறும் சிவப்பு மையில் ‘கவனமின்மை’ என்று எழுதியிருந்தேன்.

ஹனூரிலிருந்து வந்து என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஆசிரியர் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, மொளகா காயப்போட்டிருக்கறீங்களா?”

அம்மையார் சிரிக்கவில்லை. நெடுநேரம் தாள்களைப் புரட்டினார்.

“மேஷ்ட்ரே, எழுநூறு, எண்ணூறெல்லாம் சரியாத்தானே எழுதியிருக்காங்க? தொள்ளாயிரம் வர்ற எடத்துல மட்டும் தொண்ணூறு போட்டிருக்காங்க. கவனமில்லாதவங்க எல்லாரும் ஒரே எடத்துலயா தப்பு பண்ணுவாங்க? கணக்க க்ளாஸ்ல எப்படிச் சொன்னீங்க, ஸ்வல்ப சொல்லுங்க.”

கேள்விகளை நான் கன்னடத்தில் வாசிப்பேன். பிள்ளைகள் கேட்டு எண்ணால் எழுதுவர். அங்கும் அவ்வாறே வாசித்துக் காட்டினேன். தொள்ளாயிரத்துக்குக் கன்னடத்தில் ‘ஒம்பைநூரு’ என்பார்கள்.

“அவங்க வீட்டுல தொண்ணூற என்னன்னு சொல்வாங்க?”

“தொண்ணூறுன்னுதான், மேடம்…”

சொல்லி முடிக்குமுன் எனக்கே பிடிபட்டது. கன்னடத்தில் தொள்ளாயிரத்தின் வாலில் நூறு; நம்மிடமோ தொண்ணூற்றின் வாலில் நூறு. பிள்ளைகள் என் சொல்லைக் கவனமாகவே கேட்டு, தாய்மொழியில் அதற்கு நெருங்கியதை எழுதியிருக்கிறார்கள். நானும் தமிழன், எனக்கன்றோ முதலில் விளங்கியிருக்க வேண்டும்!

“சின்ன வயசுல இதே தப்புக்கு நானும் கொட்டு வாங்கியிருக்கேன் மேஷ்ட்ரே. ஏன்னு ஒருத்தரும் கேக்கல,” என்றார் அம்மையார்.

ஹனூர்க்காரர் குரல் தாழ்ந்தது. “எம்பட பசங்களுந்தானுங்க. நான் முட்டி போட வெச்சுப்போட்டேன்.”

மறுவாரம் அம்மையார் பேருந்தேறி எங்கள் பள்ளிக்கே வந்தார். சுண்ணக்கட்டியை என் கையிலிருந்து வாங்கவில்லை. பிள்ளைகளோடு கடைசி வரிசையில் தரையில் அமர்ந்துகொண்டார். நான் இருமொழி எண்களையும் கரும்பலகையில் எதிரெதிரே எழுதி, உரக்கச் சொல்லவைத்து, பின்னர் ‘ஒம்பைநூரு’ என்றேன். இருவர் நீங்கலாக அனைவரும் தொள்ளாயிரம் எழுதினர். அந்த இருவரிடமும் அம்மையாரே நகர்ந்து சென்று, தாழ்ந்த குரலில் மறுபடி சொல்லிக்கொடுத்தார்.

வாயிற்படியில் நின்றிருந்த தலைமையாசிரியர், “கணக்கு உங்ககிட்டயே இருக்கட்டுங்க,” என்றார்.

ஓய்வு பெறும்வரை அது என்னிடமே இருந்தது. பட்டம் பெற்றோர் பலர் என் பிழையைத் திருத்தியதுண்டு. பிழையின் காரணத்தை என் வாயாலேயே சொல்லவைத்து, என் வகுப்பை எனக்கே விட்டுச்சென்றவர் அவர் ஒருவரே.