அவர் பெயரில் என் சமன்பாடு

கண்ணாடிக்குள் வெப்பம் ஏன் அவ்வளவு தயங்கித் தயங்கிப் பரவுகிறது என்ற கேள்விக்கு நான் விடை கண்டது திண்டிவனத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில். உள்ளே அம்மா மஞ்சள் காமாலையோடு படுத்திருந்தார். நான் பரீட்சைக்குப் படிப்பதாக நினைத்து, பக்கத்தில் இருந்தவர்கள் மின்விசிறிக்கு அடியில் இடம் விட்டார்கள்.

அம்மா தேறியதும் ஆய்வு நிறுவனத்துக்குத் திரும்பி, கணக்கை என் நெறியாளரான பேராசிரியரிடம் கொடுத்தேன். சில நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"யார் போட்டுக் கொடுத்தது?"

"நான்தான் சார்."

"காலனியிலிருந்து வந்த பெண்ணுக்கு இதெல்லாம் வராது. உண்மையைச் சொல்."

கரும்பலகையில் முதல் வரியிலிருந்து போட்டுக் காட்டினேன். கடைசிவரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு வெளிநாட்டு மாநாடு ஒன்றில் அதைத் தன்னுடையதாகவே வாசித்தார். கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லும் இடத்தில், டைப் அடித்தவருக்குப் பின்னால் என் பெயர் இருந்தது. கேட்டிருந்தால் எனக்குப் பட்டம் வந்திருக்காது. கேட்கவில்லை. பிறகு நான் எத்தனையோ ஆய்வுகள் செய்தேன். ஆனால் அந்தச் சமன்பாட்டை ஓய்வு பெறும்வரை அவர் பெயரைச் சொல்லித்தான் வகுப்பில் நடத்தினேன்.

போன வருடம் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் எனக்குப் பாராட்டு விழா. கொத்தனார் வேலை செய்யும் என் தம்பியும் வந்திருந்தான். பேராசிரியர் இறந்து சில மாதமே ஆகியிருந்தது. மேடையில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். தலைமை தாங்கியவர் என்னை, "அந்த மாமேதையின் கண்டுபிடிப்புக்குத் துணை நின்ற மாணவி" என்றார். சால்வை போர்த்தினார்கள்.

மைக்கைப் பிடித்தேன். "அந்தச் சமன்பாடு என்னுடையது. எழுதியது நான். யார் போட்டுக் கொடுத்தது என்று என்னிடமே கேட்டவர் அவர்."

யாரும் கைதட்டவில்லை. தலைமை தாங்கியவர் என் காதருகே குனிந்தார். "செத்துப்போனவருங்க மேடம். இப்ப எதுக்குங்க இதெல்லாம்?" பதிலுக்குக் காத்திராமல் நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டார்.

தம்பியும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். திண்டிவனம் நெருங்கும்போது, "இத்தினி வருசம் இத மனசுலயே வச்சிக்கினா இருந்த?" என்றான். சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலையில் போன் செய்து, பேப்பரில் வந்திருந்த தலைப்பைப் படித்தான்: "மறைந்த மேதைக்கு மாணவி புகழாரம்."

"நீ ஒயுங்காத்தான பேசின? இன்னாக்கா இப்டிப் போட்டுக்கினு கீறானுங்க?"

"அப்படித்தான் போடுவாங்க" என்று சொல்லி போனை வைத்தேன்.