ஞாயிற்றுக்கிழமைக் கேன்

முதல் வலி வந்தபோது என் முதுகில் கொழுந்து மூட்டை இருந்தது. அதனால் மூட்டையைத்தான் திட்டினேன். பள்ளிவாசல் என்ற எங்கள் ஊருக்கு மேலே உள்ள தேயிலைக் காட்டில் வேலை செய்கிற பெண்கள் எல்லாருமே இடுப்பு வலிக்காரிகள். யாருக்கு எது நோகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. வலி விலாவிலிருந்து தொடைவரை இறங்கி, வாந்தியும் வந்து, செடிகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் ஜீப்பைக் கூப்பிட்டார்கள்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா வலித்த பக்கத்தை விட்டுவிட்டு வலிக்காத பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது.

"நோவு வலப்பக்கம் டாக்டரம்மா."

அவர் மலையாளி. எங்களைப் போன்ற நோயாளிகளோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். "அறியாம் சேச்சி. ஆனா எடது கிட்னி போயி" என்றார். தெரியும் அக்கா, ஆனால் இடது கிட்னி போய்விட்டது என்று அர்த்தம்.

இடது சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயை ஒரு கல் வெகுகாலமாக அடைத்து நின்று, ஒரு நாள்கூட வலி காட்டாமல், அதைச் சுருங்க வைத்திருந்தது. இனி எனக்கு இருப்பது வலது ஒன்றுதான். அதிலும் கல். அதுவும் போனால் டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் செய்வது). அதற்காக வாரத்துக்குப் பல தடவை மலை இறங்கி ஏறுகிறவர்களை நான் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். அன்று அவர்கள் முகம் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் வந்தது. பயந்து அழுதேன்.

சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு வலப்பக்கக் கல்லை உடைத்து எடுத்தார்கள். ஸ்டென்ட் (வழி அடைக்காமல் இருக்க உள்ளே வைக்கும் மெல்லிய குழல்) சில வாரம் இருந்தது. இதைப் படிக்கிற உங்களுக்கும் அதை வைத்திருந்தால் தெரிந்திருக்கும், கல்லைவிட அந்தக் குழல்தான் ஆளைப் படுத்தும். எடுத்த பிறகு நிம்மதி. அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு சின்னக் கல் மட்டும் கருவிக்கு எட்டாத மூலையில் மிச்சமாகிவிட்டது.

அந்த டாக்டரம்மா, கற்கள் எப்படி உண்டாகி வளர்கின்றன என்று ஆராய்கிறவர். என் கல்லின் ஒரு துண்டை மெல்லிசாகச் சீவிக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். குறுக்கே வெட்டிய வெங்காயம் போல வளையம் வளையமாக இருந்தது. சிறுநீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. தண்ணீர் குறைந்தால், பாகு வற்றிச் சீனி பூப்பதுபோல, அவை படிகமாகின்றன (சிறு மணிகளாக உறைகின்றன). ஒன்று ஒட்டிக்கொண்டால் அதன்மேல் அடுத்தது.

"ஒரு வளையம் உண்டாக எத்தன நாளாகும்?" என்று கேட்டேன்.

"அதுதான் ஞங்களும் தேடுறோம். இன்னும் அறியில்ல" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதாலேயே அவரை நம்பினேன். ஆராய்ச்சிக்கு என்னையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தேன்.

ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனைக் கொடுத்தார்கள். ஒரு பகலும் ஒரு இரவும் போகிற சிறுநீரை, சொட்டு விடாமல், அதில் பிடித்துவர வேண்டும். சாதாரண நாளாக இருக்கட்டும் என்றார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போக முடியுமா? ஞாயிறும் நாள்தானே என்று வீட்டில் இருந்து பிடித்தேன்.

என் வீட்டுக்காரர் முத்தையா ஃபாக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டிலுக்கு அடியில் கேனைப் பார்த்துவிட்டு, "கொழுந்து மாதிரி இதுக்கும் எடை போடுவாங்களோ?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாயா, ரசம், கஞ்சித்தண்ணீர் என்று ஞாயிறு முழுக்க எதையாவது குடித்துக்கொண்டே இருந்ததில் கேன் முக்கால்வாசி நிறைந்தது.

முடிவு நன்றாக வந்தது. ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்த ஸ்கேனில் மிச்சக் கல் வளர்ந்திருந்தது. மருந்தைத் தவறவிடவில்லை, சாப்பாட்டிலும் சொன்னபடிதான் இருந்தேன். இருக்கிற ஒன்றும் என் கண்ணெதிரே போகிறதே என்று ஸ்கேன் தாளை டாக்டரம்மா முன்னால் நீட்டினேன்.

டாக்டரம்மா இரண்டு முடிவுகளையும் மாறிமாறிப் பார்த்தார். "சேச்சி, இது எந்தத் திவசம், எந்த நாளு எடுத்தது?"

"ஞாயித்துக்கெழம."

"ஜோலி உள்ள திவசம் எடுத்துட்டு வா."

திங்கட்கிழமை கேனைச் சாக்கில் சுற்றிக் காட்டுக்குக் கொண்டுபோனேன். பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் மரியபுஷ்பம், "என்னக்கா, மண்ணெண்ணெயா கொண்டாறே?" என்று கேலி செய்தாள். ஆனால் கேனைச் சாக்கை விட்டு வெளியே எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. எங்கள் காட்டில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. கீழே சாலையில் போனோடு நிற்கும் சுற்றுலாக்காரர்கள், மேலே சூப்பர்வைசர், செடிக்கு அடியில் ரத்தம் குடிக்கும் அட்டை. அதனால் காலையில் ஒரு வாய் கட்டஞ்சாயா (பாலில்லாத டீ) குடித்தால், மாலைவரை நாக்கை நனைக்க மாட்டோம். மூடுபனியில் தாகமும் தெரியாது. வேலைக்குச் சேரும் பெண் கொழுந்து கிள்ளப் பழகும் முன்பே இதைப் பழகிவிடுகிறாள். நான் இதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. அதனால்தான் எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை.

டாக்டரம்மா கேனைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கட்டஞ்சாயா நிறத்தில் கொஞ்சம் கிடந்தது.

"பாக்கி எவிடே சேச்சி?"

"இம்புட்டுத்தான்."

அவர் நாற்காலியை எனக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "வேற ஜோலி நோக்கிக்கூடே, பாக்கக்கூடாதா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேலைய விட்டா எஸ்டேட்டு லயத்து வீட்டையும் விடணும். எம் பேருலதான் வீடு நிக்குது. தண்ணி குடின்றீங்க. குடிச்சா எங்கன ஒதுங்க? அதச் சொல்லுங்க."

குடிக்காமல் இருந்தால் கிட்னி போகும், வேலையை விட்டால் வீடு போகும். பஸ்ஸில் ஏறி மலை திரும்பும்வரை இதையே மாற்றி மாற்றி யோசித்தேன். வேறு வழி ஒன்றும் தோன்றவில்லை.

புஷ்பத்திடம்தான் சொன்னேன். மறுநாள் அவளும் இன்னொருத்தியும் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் ஷீட்டை அவிழ்த்து என்னைச் சுற்றிப் பிடித்தார்கள்.

"அங்க என்ன கூட்டம்?" என்று மேலிருந்து சூப்பர்வைசர் கத்தினார்.

"பாம்பு சார், வராதீங்க!" என்றாள் புஷ்பம்.

எங்கள் காட்டில் இப்போது தினமும் பாம்பு வருகிறது. அவரும் எத்தனை நாள்தான் நம்புவாரோ தெரியவில்லை. ஷீட் பிடிக்க ஆள் வராத அன்று நான் பழையபடி நாக்கை நனைக்காமல் இருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வருவதில்லை. போன ஸ்கேனில் கல் வளரவில்லை. கரையவும் இல்லை.

முன்பெல்லாம் எடை போடும் நேரத்தை வைத்துத்தான் பொழுது தெரியும். இப்போது காட்டுக்குக் கொண்டுபோகிற பாட்டிலில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறேன். வலி வந்தால்கூடப் பயமில்லை. ஒன்றும் நோகாத நாளில்தான் இடப்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று ஷீட்டைப் பிடித்து நின்ற புஷ்பத்திடம் பாட்டிலை நீட்டினேன்.

"எனக்கெதுக்குக்கா? எனக்குத்தான் ஒரு நோவும் இல்லியே."

"எனக்கும் இந்தப் பக்கம் நோகவே இல்லட்டி" என்றேன், இடது விலாவில் கையை வைத்து.

அவள் என் கையையே பார்த்தாள். பிறகு பாட்டிலை வாங்கி ஒரே ஒரு வாய் குடித்தாள். குடித்து முடித்ததும், யாராவது நிற்கிறார்களா என்று சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.