தட்டுகள் எரிந்த மாலை

மாலை நாலு ஐம்பதுக்கு என் மகள் கணக்கு நோட்டை மூடிவிட்டு, "அம்மா, ஜன்னல சாத்து" என்றாள். சாத்தப் போனபோதுதான் பார்த்தேன். பின்னால் குப்பைமேட்டிலிருந்து பழுப்பு நிறத்தில் புகை கிளம்பி, தரையோடு தரையாக எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

நாங்கள் இருக்கும் தெருக்களுக்குக் காலனி என்று பெயர். கால்வாயைத் தாண்டி இருக்கும் தெருக்களுக்கு நகர் என்று பெயர். அதற்குமேல் இந்த ஊரில் விளக்கம் கேட்க மாட்டார்கள். கடைசித் தெருவில் முஸ்லிம் குடும்பங்கள், மற்ற தெருக்களில் நாங்கள். எங்களுக்குப் பின்னால் இருக்கும் தரிசில்தான் கிரிவலப் பாதையின் குப்பை வந்து விழும். நகர்ப் பக்கத்திலும் அப்படி ஒரு காலி இடம் இருந்தது. இப்போது அங்கே பூங்கா வந்துவிட்டது.

அந்த மாதம் பௌர்ணமி இரண்டு நாளில் விழுந்திருந்தது. முதல் நாள் ராத்திரி நடந்தவர்கள் போட்டுவிட்டுப் போனதை மதியத்துக்குள் வாரிக் கொட்டினால்தான் அடுத்த கூட்டத்துக்குப் பாதை தயாராகும். பாக்குமட்டைத் தட்டு, பேப்பர் கப், தண்ணீர் பாட்டில். அன்னதானப் பந்தல் ஒன்றில் விறகடுப்பை மறுசமையலுக்காக வழித்து, சாம்பலைச் சாக்கில் கட்டி அதே லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே தணல் இருந்திருக்கிறது. சோறு பொங்கிய அடுப்பில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பார்கள். விறகு எரித்த நாளில் நாங்களும் ஊற்றியதில்லை. லாரியில் வேலைக்குப் போன எங்கள் தெரு ஆள் இதைப் பிறகு சொன்னார். "மூட்ட சுட்டுச்சுக்கா. சாமி சோத்துச் சாம்பல்னு எவனும் தொறந்து பாக்கல."

மகளுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே வீசிங். இன்ஹேலரை அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு முறை. அடங்கவில்லை. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. கழுத்தடியில் குழி விழுந்தது. ஆட்டோ ஓட்டும் என் கணவருக்குப் போன் போட்டேன். பஸ் ஸ்டாண்டு சத்தத்தில் அவர் எடுக்கவில்லை. நான் பி.காம். படித்தவள். இந்தக் குப்பையைப் பற்றி எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். அப்போது எனக்கு வீட்டுச் சாவி எங்கே என்பதுகூடத் தெரியவில்லை.

கடைசித் தெரு மெக்கானிக் பைக்கோடு வாசலில் வந்து நின்றார். "பூட்டாட்டி போவுது, ஏறுங்கக்கா."

பாதை முனையில் தடுப்பு. கான்ஸ்டபிள் கையை நீட்டினார். "வண்டி வுட மாட்டோம்."

"சார், பாப்பாவுக்கு மூச்சு வாங்குது."

அவர் அவளைப் பார்த்தார். "அந்தாண்ட மெடிக்கல் கேம்ப் இருக்குது. ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. நடந்து போயிடுங்க, வண்டிய நான் பாத்துக்கறேன்."

அந்தாண்ட என்றால் கூட்டத்துக்கு எதிர்த்திசை. மெக்கானிக் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். மலையை வலப்பக்கம் வைத்து நடக்கும் அத்தனை பேரும் எங்கள் முகத்துக்கு நேரே வந்தார்கள்.

"ஏம்பா, இன்னா எதிர்ல வர்ற? வலமாப் போகணும்பா!"

"பாவத்த ஏத்திக்கினு போறாங்க பாரு."

ஒருவர் மெக்கானிக்கின் தாடியைப் பார்த்துச் சிரித்தார். "பாய், நீங்களுமா கிரிவலம்?"

"ஆமாங்க, இந்தப் பக்கம்தான் கூட்டம் கம்மின்னாங்க. வழி வுடுங்க, வழி வுடுங்க."

சிரித்தவரே கையை விரித்து வழி ஒதுக்கிக் கொடுத்தார். ஒரு பந்தலில் இருந்த அம்மா, "பசி மயக்கமா? குழந்தைக்கு ஊட்டுங்க" என்று என் கையில் சூடாக ஒரு தட்டுப் பொங்கலை வைத்தாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. முகாம்வரைக்கும் அதைச் சிந்தாமல் கொண்டுபோனேன்.

மகளின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டிக்கொண்டே நர்ஸ் கேட்டாள். "எந்த ஊர்லேந்து நடக்க வந்தீங்க?"

"நடக்க வரலங்க. இங்கதான், காலனி."

அவள் டாக்டரைப் பார்த்தாள். பக்தர்களுக்காகப் போட்ட முகாம் அது. டாக்டர் வயதில் சின்னவர். "மொதல்ல மாஸ்க் வைங்க சிஸ்டர்" என்றார்.

கிளிப்பில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெதுவாக ஏறியது. மகளின் உதட்டுக்கு நிறம் திரும்பியது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வெளியே மெக்கானிக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ என் கையிலிருந்த தட்டை வாங்கிக் குப்பை டிரம்மில் போட்டார்கள்.

"புகை இருக்கிற எடத்துல இவள வெச்சுக்காதீங்க" என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டினேன்.

ஆறு மணிக்கு மேல் கணவர் வந்து அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இருக்க வைத்து, மருந்தெழுதி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தபோதும் மேடு புகைந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி மேலாக நனைத்துவிட்டுப் போயிருந்தது. அடியில் இருப்பதை அது என்ன செய்யும்? கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்தேன். சமைத்தேன். துணி துவைத்து வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கணவர் சொன்னபோதுதான் நான் சாப்பிட்டிருந்தது தெரிந்தது. மகள் படிக்கும்போது புத்தகத்தைப் பார்ப்பதுபோல அவள் தோளைப் பார்க்கிறேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள்.

பௌர்ணமிக் கூட்டம் ஓய்ந்த பிறகு துப்புரவுப் பிரிவு அதிகாரி ஒருவர் வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேட்டைச் சுற்றிப் பார்த்தார். கூட வந்தவர் போட்டோ எடுத்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எங்கள் வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தார். மகளைப் பார்த்து, "எத்தனாவது படிக்கிற பாப்பா?" என்றார்.

"ஆறாவது" என்று சொல்லிவிட்டு, பள்ளியின் பெயரைச் சொல்லும் முன் அவள் நின்று ஒரு மூச்சு எடுத்தாள். அவர் அதைக் கவனித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடியில புகையுதும்மா. கிளறினா இன்னும் ஜாஸ்தியாவும். வேற எடமும் இல்ல. உங்களுக்கு வெளியூர்ல யாராச்சும் இருக்காங்களா?"

"கீழ்பென்னாத்தூர்ல அண்ணன் இருக்காருங்க."

அவர் முகம் தெளிந்தது.

"அப்ப நல்லதாப் போச்சு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாப்பாவ அங்க அனுப்பிடுங்க."